கறுப்புக் கோலி

முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் லாட்ஜ், லாட்ஜ் என்று அடிக்கடி வரும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'ரூம்கள் கிடைக்கும்' என்று போர்டு மாட்டிய சமாசாரத்தை நினைத்துக்கொண்டு படித்தீர்கள் என்றால் குழம்பிவிடும். இது வேறு லாட்ஜ். ஃப்ரீமேஸன்கள் கூடுகிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். அங்கே கூடுகிற கூட்டத்துக்கும் அதேதான் பெயர்.

ஃப்ரீமேஸன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரகசியக் கைகுலுக்கல். கண்ணைக் கட்டி ஒரு சத்தியம். உலகத்தையே பின்னாலிருந்து ஆட்டிவைக்கிற கும்பல். நாவல்களும் சினிமாக்களும் சேர்ந்து நம் தலையில் ஏற்றிவிட்ட சங்கதிகள் இவை. முக்கால்வாசி கப்சா. அவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நாங்கள் நல்ல மனிதர்களை இன்னும் கொஞ்சம் நல்லவர்களாக்குகிற அமைப்பு, ஒழுக்கம்தான் எங்கள் அஸ்திவாரம் என்பார்கள். கொத்தனாரின் மூலைமட்டமும் காம்பஸும் அவர்களுடைய சின்னமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். நடத்தை மூலைமட்டம் பிடித்தாற்போல நேராக இருக்கவேண்டும்.

சரி, இருக்கட்டும். நேராக இல்லாவிட்டால்? ஒழுக்கம் பேசுகிற ஒரு சங்கத்தில் ஒருத்தன் தப்புத்தண்டா செய்தால் என்ன செய்வார்கள்? யார் விசாரிப்பது? என்ன தண்டனை? இதுதான் என் கேள்வி. சுவாரசியமான கேள்வி. ஏனென்றால், இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாமல் ஒரு தேசத்தின் அரசாங்கமே கவிழ்ந்திருக்கிறது.

முதலில் விதிகளைப் பார்த்துவிடலாம். 1723-ல் லண்டனில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்த சட்டப் புத்தகம்தான் இவர்களுக்கு ஆதி நூல். நல்லவனாக, யோக்கியனாக இரு என்பது அதில் முதல் பாடம். உறுப்பினராகச் சேர வருகிறவனுக்கு ஓட்டெடுப்பு உண்டு. ஒரு பெட்டிக்குள் வெள்ளைக் கோலியோ கறுப்புக் கோலியோ போடவேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாது. ஒரே ஒரு கறுப்புக் கோலி விழுந்தால் போதும், சில லாட்ஜ்களில் மூன்று, ஆசாமி வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். வாசலிலேயே வடிகட்டிவிட்டால் உள்ளே பஞ்சாயத்து வராது என்பது கணக்கு.

வந்தால்? லாட்ஜுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். மேஸன் விவகாரத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதே, தவிர்க்கவே முடியாது என்று லாட்ஜே ஒப்புக்கொண்டால் ஒழிய. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விதியும் உண்டு. அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்கிற மேஸனுக்கு ஆதரவு தரக்கூடாது. ஆனால் வேறு குற்றம் எதுவும் அவன்மேல் நிரூபணமாகாத வரைக்கும் அவனை லாட்ஜைவிட்டு நீக்கவும் முடியாது! கிட்டத்தட்ட கல்யாண உறவு மாதிரி. மனஸ்தாபம் இருக்கலாம், அறுத்துவிட முடியாது.

கையில் இருக்கிற தண்டனைகள்? கண்டிப்பு, தற்காலிக நீக்கம், நிரந்தர நீக்கம். ஜெயில் கிடையாது, பிரம்படி கிடையாது. சத்தியப் பிரமாணத்தில் வருகிற பயங்கரமான வார்த்தைகளெல்லாம் சும்மா சடங்கு. ஆக, இருக்கிற ஒரே உருப்படியான ஆயுதம், கதவைத் திறந்து 'போய்யா வெளியே' என்பது.

அந்த ஆயுதத்தை எப்படி உபயோகித்தார்கள்? 1777-க்குப் போவோம். லண்டன். டாக்டர் வில்லியம் டாட் என்று ஒரு பாதிரியார். பிரமாதமான பேச்சாளர். அதைவிடப் பிரமாதமான ஷோக்குப் பேர்வழி. பட்டும் பகட்டுமாக அவர் திரிந்ததைப் பார்த்து ஊரே கிண்டல் பெயர் வைத்துக் கூப்பிட்டது. மேஸன்களின் தலைமைச் சங்கமான கிராண்ட் லாட்ஜ் அவரைத் தன் தலைமைப் பாதிரியாராக நியமித்திருந்தது. 1776 மே மாதம் லண்டனில் அவர்களுடைய புத்தம்புது ஹால் திறக்கப்பட்டபோது பேருரை நிகழ்த்தியதும் அவர்தான்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் மாட்டிக்கொண்டார். கடன் கழுத்தை நெரிக்க, தன் பழைய மாணவரான செஸ்டர்ஃபீல்ட் பிரபுவின் கையெழுத்தை ஒரு பத்திரத்தில் போலியாகப் போட்டு 4,200 பவுண்டு வாங்கிவிட்டார். பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கால இங்கிலாந்தில் போலிக் கையெழுத்துக்குத் தூக்கு. சாமுவேல் ஜான்சன் மாதிரி ஆளே அவருக்காக மனு எழுதிக் கொடுத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருணை மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ம்ஹூம். ஜூன் 27-ம் தேதி டைபர்னில் தூக்கில் போட்டுவிட்டார்கள். மேஸன்களும் அந்த வருடமே அவரை நீக்கினார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருட்டைக் கண்டுபிடித்ததும் கோர்ட்டுதான், தண்டித்ததும் கோர்ட்டுதான். லாட்ஜ் செய்தது, பேரேட்டில் ஒரு பெயரை அடித்தது மட்டுமே.

அதே 1777. டிசம்பர் 27. வில்லியம் பிரஸ்டன் என்று ஒருவர். மேஸனரியைப் பற்றிப் புத்தகம் எழுதிய மகா பண்டிதர். அவருடைய லாட்ஜ்காரர்கள் லண்டன் ஃப்ளீட் தெருவில் இருக்கிற ஒரு சர்ச்சுக்குப் போனார்கள். பிரார்த்தனை முடிந்தது. எதிர்ச்சாரியில்தான் அவர்கள் கூடுகிற விடுதி. இடுப்பில் மேஸன் ஏப்ரன், கையில் வெள்ளைக் கையுறையோடு அப்படியே தெருவைக் கடந்து நடந்துவிட்டார்கள்.

அவ்வளவுதான்! பொது இடத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகக்கூடாது என்று விதி இருக்கிறதே? சொந்த லாட்ஜ்காரர்களே போய்ப் புகார் கொடுத்தார்கள். எங்கள் லாட்ஜ் கிராண்ட் லாட்ஜுக்கும் மூத்தது, எங்களுக்கு நீங்கள் விதி சொல்லாதீர்கள் என்று பிரஸ்டன் எகிறினார். முடிந்தது கதை. 1779-ல் நீக்கம். அவர் சளைக்காமல் போட்டியாக இன்னொரு கிராண்ட் லாட்ஜ் நடத்தி, கடைசியில் 1789-ல் சமாதானமாகித் திரும்பி வந்தார்.

போலிப் பத்திரம் போட்ட பாதிரிக்கும் ஏப்ரனோடு தெருவைக் கடந்த பண்டிதருக்கும் ஒரே தண்டனை. சிரிப்பு வருகிறது இல்லையா? நம் ஊர் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவாக ஆச்சரியம் இருக்காது. கணக்கில் கை வைத்தவனைவிடத் தலைவரை எதிர்த்துப் பேசினவனுக்குத்தானே நோட்டீஸ் முதலில் போகும்?

இந்தக் குணம் முற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க இத்தாலிக்குப் போகவேண்டும். சிரிப்பும் அதோடு நின்றுவிடும்.

இத்தாலிய மேஸன்களின் தலைமை அமைப்புக்கு கிராண்ட் ஓரியன்ட் என்று பெயர். 1877-ல் அதன்கீழ் ஒரு விசேஷ லாட்ஜ் தொடங்கினார்கள். பெயர், ப்ராபகாண்டா. எம்.பி.க்கள், உயர் அதிகாரிகள் ரோமில் இருப்பார்கள். சொந்த ஊர் லாட்ஜுக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓட முடியாது. அவர்கள் வசதிக்காக இது. பிறகு முசோலினி வந்து மேஸனரியையே ஒழித்துக்கட்டினார். போர் முடிந்து அமைப்பு மறுபடி எழுந்தபோது லாட்ஜ்களுக்கு நம்பர் போட்டார்கள். ப்ராபகாண்டாவுக்கு நம்பர் 2. சுருக்கமாக, பி-2.

பெரிய மனிதர்கள் இருக்கிற லாட்ஜ் இல்லையா? அதனால் சில சலுகைகள். உறுப்பினர் பெயர் மற்ற மேஸன்களுக்குத் தெரியவேண்டாம். தலைவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். 'கிராண்ட் மாஸ்டரின் காதில்' என்றே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மந்திர உபதேசம் மாதிரி, காதோடு காதாக.

இங்கேதான் விவகாரமே. கறுப்புக் கோலி எதற்கு இருக்கிறது? ஊரில் நாலு பேருக்கு உன்னைத் தெரியும், அவர்களில் ஒருத்தர் 'இவன் வேண்டாம்' என்று சொல்ல முடியும் என்பதற்காக. மாதாமாதம் கூட்டம் எதற்கு? உன் யோக்கியதையை உன் சகோதரர்கள் நேரில் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக. காதில் சொல்லிச் சேர்க்கிற இடத்தில் கோலி ஏது? ஒருத்தரை ஒருத்தர் தெரியாத இடத்தில் யார் யாரைத் தட்டிக் கேட்பது? நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாஷையில் சொல்வதென்றால், ஆடிட் இல்லாத கம்பெனி.

அந்தக் கம்பெனிக்கு ஒரு முதலாளி கிடைத்தார். லிச்சியோ ஜெல்லி. 1919-ல் பிஸ்டோயாவில் பிறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம் சண்டைபோட்ட வாலிபர். முசோலினியின் ஆள். போருக்குப் பிறகு மெத்தைக் கம்பெனியில் மேனேஜர். 1963-ல் மேஸன் ஆனார். சில வருடங்களில் அவரைத் தூக்கி பி-2 பக்கம் அனுப்பினார்கள். அவர் ராணுவ ஜெனரல்கள், உளவுத்துறைக்காரர்கள், பேங்க் முதலாளிகள் என்று ஆள் சேர்க்க ஆரம்பித்தார். ரோமில் எக்ஸெல்சியர் ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு தர்பார். அவரைப் பார்க்க வரிசையில் ஆள் நின்றது.

மேஸன்களுக்கே இது உறுத்தாமல் இல்லை. அதையும் சொல்லவேண்டும். 1974 டிசம்பரில் நேப்பிள்ஸில் கூடிய கிராண்ட் லாட்ஜ், பி-2-வைக் கலைத்துவிடுவது என்று ஓட்டுப்போட்டு முடிவு செய்தது. சபாஷ் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். ஐந்தே மாதம். 1975 மே மாதம் கிராண்ட் மாஸ்டர் லினோ சால்வினி அதே பி-2-வை மறுபடி அமைத்து, ஜெல்லியை அதற்குத் தலைவராகவும் ஆக்கினார்! நடுவில் சால்வினியின் பண விவகாரங்கள் பற்றி மேஸன் சபையிலேயே குற்றச்சாட்டு கிளம்பி, பிறகு சத்தமில்லாமல் அடங்கியது. ஜெல்லியின் கை அதில் இருந்தது, தலைவர் பதவி அதற்குக் கிடைத்த விலை என்று பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைக் கமிஷன் எழுதியது. 1976-ல் பி-2-வின் நடவடிக்கைகள் 'நிறுத்திவைக்கப்பட்டதாக' ஓர் உத்தரவு. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், எந்த லாட்ஜ் கட்டுப்பாடும் இல்லாமல் ஜெல்லி தன் இஷ்டத்துக்கு ஆள் சேர்க்க அது லைசென்ஸ் ஆகிப்போனது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஒருவர் இருக்கிறார். பிரான்செஸ்கோ சினிஸ்கால்கி. ரோம் நகரத்து என்ஜினீயர். அவரும் மேஸன்தான், மனப்பூர்வமாக. ஜெல்லி செய்வது மேஸனரியே கிடையாது என்று அவரும் அவரைப்போல இன்னும் சிலரும் உள்ளுக்குள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். ஜனநாயக மேஸன்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். வீட்டுக்குள் பேசி நியாயம் கிடைக்கவில்லை. சினிஸ்கால்கி 1976-ல் நீதித்துறையிடமே புகார் கொடுத்தார். விஷயம் வெளியே போனது.

அது எப்பேர்ப்பட்ட காலம் தெரியுமா? அதே வருடம் ஜூலையில், நவபாசிச அமைப்புகளை விசாரித்துக்கொண்டிருந்த விட்டோரியோ ஒக்கோர்சியோ என்கிற மாஜிஸ்திரேட்டை ரோமில் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். ஜெல்லியோ சாதாரண மெத்தை வியாபாரி இல்லை. உளவுத்துறைத் தலைவர்களே பாக்கெட்டில். அந்த நேரத்தில் ஓர் என்ஜினீயர் அவர் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்கிறார்.

கிராண்ட் ஓரியன்ட் நடவடிக்கை எடுத்தது. யார்மீது? சினிஸ்கால்கியின்மீது. அமைப்பிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ஜெல்லி உள்ளே, சினிஸ்கால்கி வெளியே. 'நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று 1723-ல் நல்லெண்ணத்தோடு எழுதிவைத்த விதி இருக்கிறதே, இருநூற்றைம்பது வருடம் கழித்து அது எந்த இடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்.

ஐந்து வருடம் ஓடியது. 1981 மார்ச் 17. மிக்கேலே சிந்தோனா என்ற திவாலான பேங்க் முதலாளி, தன்னையே கடத்தியதாக நாடகம் ஆடிய வழக்கு. அதைத் துருவிக்கொண்டிருந்த மிலான் மாஜிஸ்திரேட்டுகள் இரண்டு பேர், கெரார்டோ கொலம்போ, ஜூலியானோ டுரோனே, நூல் பிடித்துக்கொண்டே போய் ஜெல்லியின் இடங்களைச் சோதனைபோட உத்தரவிட்டார்கள். நிதிக் காவல்படை அரெஸ்ஸோ பக்கத்தில் காஸ்டிலியோன் ஃபிபோக்கி என்கிற சின்ன ஊரில் இருந்த துணி ஃபாக்டரிக்குள் நுழைந்தது. ஜெல்லியின் ஆபீஸ் அங்கே. பெட்டகத்தைத் திறந்தால் ஒரு பட்டியல். 962 பெயர்கள்.

சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அங்கிருந்த அதிகாரிக்கு ஒரு போன் வந்தது. பேசியது அவருடைய படையின் தலைமைத் தளபதி. அங்கே பட்டியல் கிடைக்கும், அதில் நானும் இருக்கிறேன், பார்த்து நடந்துகொள் என்கிற ரீதியில் பேச்சு. அந்த அதிகாரி பெட்டியை மூடவில்லை. எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு மிலானுக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கடமையுணர்ச்சியை நினைத்தால் இப்போதும் ஒரு சல்யூட் அடிக்கத் தோன்றுகிறது.

பட்டியலில் யார்தான் இல்லை? பதவியில் இருந்த அமைச்சர்கள். 44 எம்.பி.க்கள். உளவு அமைப்புகளின் தலைவர்கள் மூன்று பேர். காராபினியேரி போலீஸின் ஜெனரல்கள் மட்டும் 12 பேர். நாட்டின் மிகப் பெரிய செய்தித்தாளின் ஆசிரியரும் முதலாளியும். பேங்கர் ரொபர்ட்டோ கால்வி. பிறகு, 1816-ம் நம்பர் அட்டைக்காரரான ஓர் இளம் கட்டடத் தொழிலதிபர். பெயர், சில்வியோ பெர்லுஸ்கோனி. பிற்பாடு பிரதமர் ஆனாரே, அவரேதான். நான் உறுப்பினரே இல்லை என்று மறுத்தவர்களும் நிறையப் பேர் உண்டு. பி-2 உறுப்பினர் விஷயத்தில் பெர்லுஸ்கோனி கோர்ட்டில் பொய் சாட்சி சொன்னார் என்று 1990-ல் வெனிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் பொதுமன்னிப்பு வந்து அவரைக் காப்பாற்றிவிட்டது.

மாஜிஸ்திரேட்டுகள் பட்டியலை எடுத்துக்கொண்டு பிரதமர் அர்னால்டோ ஃபோர்லானியைப் பார்க்கப் போனார்கள். அங்கே அவர்களை வரவேற்று உட்காரவைத்தார் பிரதமரின் தலைமை அதிகாரி. அவர் பெயரும் பட்டியலில் இருந்தது!

ஃபோர்லானி யோசித்தார், யோசித்தார், இரண்டு மாதம் யோசித்தார். மே 21-ம் தேதி பட்டியல் வெளியானது. சில நாளில் அரசாங்கம் ராஜினாமா. உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் கிட்டத்தட்ட முப்பத்தைந்து வருடமாகப் பிரதமர் நாற்காலி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைவிட்டு நகர்ந்ததே இல்லை. முதல் தடவையாக வேறு கட்சிக்காரரான ஸ்படோலினி பிரதமரானார்.

மேஸன்கள் என்ன செய்தார்கள்? செய்தார்கள். 1981 அக்டோபர் 31-ம் தேதி அவர்களுடைய உள் நீதிமன்றம் கூடி, லிச்சியோ ஜெல்லியை அமைப்பைவிட்டு நீக்கியது. பட்டியல் சிக்கி ஏழு மாதம் கழித்து. ஜெல்லி அப்போது தலைமறைவு. இதற்குப் பிறகு அரசாங்கம் அவர்களை நம்பிச் சும்மா இருக்கத் தயாராக இல்லை. 1982 ஜனவரியில் 17-ம் நம்பர் சட்டம் வந்தது. பி-2 கலைக்கப்பட்டது, இந்த மாதிரி ரகசியச் சங்கம் நடத்துவதே குற்றமானது. நேப்பிள்ஸில் மேஸன்கள் ஓட்டுப்போட்டும் நடக்காததை நாடாளுமன்றம் நடத்திக்கொடுக்கவேண்டி வந்தது.

அந்த ஜூனில், கால்வி லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தார், பாக்கெட்டில் செங்கல்லும் பணமுமாக. அது தனிக் கதை. இன்னொரு வாரம் பார்ப்போம். ஜெல்லி 1982 செப்டம்பரில் ஜெனீவாவில் பேங்க்கில் பணம் எடுக்கப் போய்ச் சிக்கினார். மறுவருடம் ஜெயிலிலிருந்து தப்பினார். 1980-ல் 85 பேரைப் பலிவாங்கிய பொலோனா ரயில் நிலையக் குண்டுவெடிப்பில் விசாரணையைத் திசைதிருப்பிய குற்றத்துக்காக அவருக்கு 1995-ல் தண்டனை உறுதியானது. பி-2 அரசுக்கு எதிராகச் சதி செய்தது என்கிற குற்றச்சாட்டு மட்டும் ரோம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2015 டிசம்பரில் அரெஸ்ஸோவில் தன் சொந்த பங்களாவில், 96 வயதில் செத்துப்போனார்.

நாடாளுமன்றக் கமிஷன் என்றேனே, அதற்குத் தலைமை தாங்கியவர் டினா ஆன்செல்மி. இத்தாலியின் முதல் பெண் அமைச்சர். பதினேழு வயதில் பாசிஸ்ட்களை எதிர்த்து ரகசியமாகச் செய்தி சுமந்து சைக்கிள் மிதித்த பெண். 1984-ல் அவர் கொடுத்த அறிக்கை, பட்டியல் நிஜம்தான் என்றது. முழுமையானது என்று சொல்லவில்லை. பி-2-வின் அமைப்பை விளக்க அந்த அறிக்கை ஒரு படம் சொல்கிறது. கீழே ஒரு பிரமிடு. அதன் உச்சியில் ஜெல்லி. அந்த உச்சிக்கு மேலே, தலைகீழாக இன்னொரு பிரமிடு. நம் உடுக்கையைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்தால் எப்படி இருக்கும், அப்படி. கீழ்ப் பாதியில் இருந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் வந்துவிட்டன. ஜெல்லி நடுவில், இடுப்பு மாதிரி ஒடுங்கின இடத்தில் இருந்தார். மேல் பாதியில் யார் யார் என்று கமிஷனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேஸன்களின் நீதிமன்றம் கறுப்புக் கோலி போட்டது இடுப்பில் நின்ற அந்த ஒரு ஆளுக்குத்தான்.